சிறுமலைக் குதிரைப் பாதையைத் திறந்துவிடக் கோரி மூன்றாவது மனு

அனுப்புநர்: குதிரை வைத்துப் பிழைக்கும் சிறு விவசாயிகள், சிறுமலை.
பெறுநர்: மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள், திண்டுக்கல்.

பொருள்: கேட் போட்டு மறித்த குதிரைப் பாதையை மீட்டுத் தருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 18 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தால், தார்ச்சாலைக்கு அப்பால் குதிரைதான் எங்கள் வண்டி என்பது தாங்கள் அறிந்ததே. வாழை, எலுமிச்சை, காப்பி எல்லாம் குதிரை முதுகில்தான் ரோட்டுக்கு வருகின்றன.

1. எங்கள் தோட்டங்களிலிருந்து வரும் பாதை தாத்தா காலத்திலிருந்து நடப்பில் உள்ளது. கிராம வரைபடத்திலும் இருக்கிறது.

2. கடந்த தை மாதம் அந்தோணியார் கோயிலில் குதிரைகளை மந்திரித்து, மாலையோடு திரும்பி வந்தோம். அன்றுதான் பாதைக்குக் குறுக்கே இரும்புக் கேட்டைப் பார்த்தோம். ஓர் எஸ்டேட்காரர் போட்டது. பக்கத்தில் இரண்டரை அடிச் சந்து விட்டிருக்கிறார். "நான் யாரையும் மறிக்கவில்லையே" என்கிறார். ஐயா, ஆள் நுழையலாம், வெறும் குதிரையும் நுழையலாம். இரண்டு பக்கமும் வாழைத்தார் கட்டிய குதிரை எப்படி நுழையும்? பொதியோடு அதன் அகலம் நாலடிக்குக் குறையாது. கேட்டுக்கு முன்னால் கயிற்றை அவிழ்த்து, தார்களை ஒவ்வொன்றாகச் சுமந்து அந்தப் பக்கம் வைத்து, குதிரையைக் கடத்தி, மறுபடி ஏற்ற வேண்டும். ஒரு பக்கம் ஏற்றும்போது மறுபக்கத்தைத் தாங்க இன்னோர் ஆள் வேண்டும். இல்லையென்றால் சேணம் சரிந்துவிடும். தனியாக வரும் பெண்கள், யாராவது வரும்வரை மழையிலும் நிற்கிறார்கள். இறக்கி ஏற்றுவதில் காய் உரசித் தோல் கறுக்கிறது. கறுத்த தாரை, திண்டுக்கல் வாழைச் சந்தையான சிறுமலை செட்டில் வியாபாரி தள்ளி வைக்கிறார். முடிக்கொத்து நோய்க்குத் தப்பி, காட்டுமாட்டுக்கும் தப்பி விளைந்த தார் இந்தக் கேட்டில் வந்து வீணாகிறது.

3. ஓடை வழியாகச் சுற்றிப் போகச் சொல்கிறார்கள். மழை பெய்தால் அந்தப் பாறையில் லாடம் நிற்காது. ஒரு குதிரை விழுந்து முன்னங்கால் ஒடிந்தது. அந்தக் குதிரையை நம்பி ஐந்து பேர் இருந்தார்கள்.

4. கேட்டை எடுக்கக்கூட நாங்கள் கேட்கவில்லை. ஐந்தடி வழி விடட்டும். அவ்வளவுதான்.

முதல் மனு கொடுத்த அலுவலகத்தில் நில அளவர் வருவார் என்றார்கள். வரவில்லை. இரண்டாவது மனுவுக்கு ரசீது மட்டும் மிஞ்சியது. அப்புறம் எத்தனை முறைதான் நாங்கள் கீழே இறங்கி வருவது? இறங்கும் ஒவ்வொரு நாளும் அன்றைய கூலி போகிறது. எழுதிக் கொடுத்த காகிதத்தை யாராவது படித்தார்களா என்றாவது சொல்லுங்கள், ஐயா.

பாதையை அளக்க நில அளவரை அனுப்புங்கள். ஆக்கிரமிப்பு என்று தெரிந்தால் 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நடவடிக்கை எடுங்கள். ஐப்பசி மழைக்குள் பொதியோடு குதிரை போக வழி வேண்டும். தயவுசெய்து ஐந்தடி வழி வாங்கித் தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
சிறுமலைக் குதிரைக்காரர்கள்