பாழாக்குனது நாங்களா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

போன இதழ்ல வந்த நிலச் சீரமைப்புக் கட்டுரைல "விழிப்புணர்வு இல்லாத சிறு விவசாயிகளாலேயே மண் பாழாகிறது"ன்னு ஒரு வரி படிச்சேன். ரொம்ப நன்றிங்க. ரெண்டு ஏக்கர்காரனுக்கு இவ்வளவு பெரிய சக்தி இருக்குன்னு எனக்கே இப்பத்தான் தெரியுது.

வருஷா வருஷம் ஒரே பயிர போடச் சொன்னது யாரு, உரமூட்டைய கைல கொடுத்து எருக்குழிய மறக்க வச்சது யாரு, உங்களுக்குத் தெரியாததா? மேல்மண் ஒரு அங்குலம் சேர நூறு வருஷத்துக்கு மேலயும் ஆகும், சரிவுல வரப்பு இல்லன்னா நாலு பெருமழைல ஓடைக்குப் போயிடும். சரி, வரப்பு போடுன்னு சொல்வீங்க. போட்டேனே! சொந்த நிலம் போக குத்தகைக்கு எடுத்த துண்டுல கல்லப் பொறுக்கி, சரிவுக்குக் குறுக்க மட்டம் பாத்து வரப்பு வச்சேன், தண்ணி நின்னுச்சு, வண்டல் படிஞ்சுது, வெளைச்சலும் கூடுச்சு, நிலத்துக்காரர் வந்து பாத்துட்டு குத்தகைய ஏத்துனாரு, முடியாதுன்னதும் வேற ஆளுக்கு விட்டுட்டாரு. இதுல எனக்கு எந்த விழிப்புணர்வு கொறஞ்சுதுன்னு கட்டுரையாளர் கொஞ்சம் சொல்லட்டும்.

அதுக்கு முன்னாடி ஒரு திட்டத்துல மரக்கன்னு நட வந்தாங்க. பேனர், மாலை, போட்டோ எல்லாம் உண்டு, என்ன மரம் வேணும்னு மட்டும் ஒருத்தரும் கேக்கல. கோடைல எல்லாம் கருகிடுச்சு. கணக்குல இன்னும் அது தோப்பாத்தான் இருக்கும்.

மேற்கு ஆப்பிரிக்கால இருக்கற நைஜர் நாட்டப் பாருங்க. ரொம்ப காலமா அங்க வயல்ல நிக்கற மரம் அரசாங்கத்துக்குன்னு சட்டம், கிளைய வெட்டுனாலும் அபராதம், அப்புறம் எவன் வளர்ப்பான்? 1980கள்ல இருந்து அந்தப் பிடி தளர்ந்துச்சு. வெட்டுன மரத்தோட அடிக்கட்டை மண்ணுக்குள்ள உயிரோடதான் இருந்துச்சு, அதுல வர்ற துளிர்ல நல்லத விட்டு மத்தத கழிச்சு, உழும்போது ஒதுக்கி உழுதாங்க, நாத்தங்கால் செலவே இல்லாம சுமார் 50 லட்சம் ஹெக்டேர்ல மரம் திரும்பிச்சு. செஞ்சது அத்தனையும் சிறு விவசாயிங்க.

பக்கத்து நாடான புர்கினா ஃபாசோல யாகூபா சவடோகோன்னு ஒரு விவசாயி கோடைலயே குழி தோண்டி எரு போட்டு வச்சாரு. எருவுக்கு வந்த கரையான் இறுகுன மண்ண துளைச்சு விட, மழை உள்ள இறங்குச்சு. ஊர்ல பைத்தியம்னாங்க, 2018ல ரைட் லைவ்லிஹுட்ங்கற சர்வதேச விருது அவருக்குக் கெடச்சுது. அவர் எந்த முகாம்லயும் கத்துக்கல, அவங்க பாட்டன் காலத்துக் குழியத்தான் இன்னும் ஆழமா அகலமா வெட்டுனாரு.

சீரழிஞ்ச நிலத்தையும் காட்டையும் மீட்க உலக அளவுல 2011ல ஆரம்பிச்ச பான் சவால்ங்கற திட்டத்துல இப்ப 2030க்குள்ள 35 கோடி ஹெக்டேர மீட்கணும்னு இலக்கு. நல்லதுதான். ஆனா அந்த ஹெக்டேர் மேல கால் வச்சு நிக்கறவன் குத்தகைக்காரனா, பட்டா உள்ளவனா, நாளைக்கு மரம் வளந்தா யாரு வெட்டலாம், இத யாரும் எழுத மாட்டேங்கறாங்க. நிலத்துல முழு நேரமும் வேலை செய்யற பொம்பளைங்க பேர்ல பத்திரம் இல்லாதத பத்தி ஆரம்பிச்சா உங்க பக்கம் பத்தாது, விடுங்க.

அந்த வரிக்கு மறுப்பு போடச் சொல்லி நான் கேக்கல, உங்க மேல மரியாதை இருக்கு. அடுத்த தடவ கன்னு நடற போட்டோ போட்டா, அதுக்குக் கீழ நிலம் யாருது, மரம் யாருக்குன்னு ஒரு வரி சேருங்க. முடிஞ்சா ரெண்டு மூணு கோடை கழிச்சு அதே இடத்துக்கு போட்டோகிராபர திரும்ப அனுப்புங்க.

இப்படிக்கு,
விழிப்புணர்வு இல்லாத ஒரு வாசகர்