மூலிகைத் தேநீர் கொடுத்தனுப்புவது பற்றிப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலை இடைவேளையில் குடிப்பதற்குப் பிள்ளைகளிடம் மூலிகைத் தேநீர் கொடுத்தனுப்பலாமா என்று சென்ற பெற்றோர்–ஆசிரியர் கூட்டத்தில் உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். படித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். கொடுத்தனுப்பலாம் என்பதே என் பதில். ஆனால் எதை எதிர்பார்த்துக் கொடுக்கிறோம் என்பதில் நமக்குத் தெளிவு வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பெயரில் தேநீர் என்று இருந்தாலும் இதில் தேயிலை கிடையாது. இஞ்சி, துளசி, புதினா, கெமோமில் (சாமந்தி இனப் பூச்செடி) போன்றவற்றின் கிழங்கையோ இலையையோ பூவையோ வெந்நீரில் ஊறவைத்து வடிப்பதுதான் மூலிகைத் தேநீர். ஆகவே யெர்பா மாத்தே என்ற தென் அமெரிக்க இலை போன்ற ஓரிரண்டைத் தவிர மற்றவற்றில் காஃபின் இல்லை. வளரும் பிள்ளைகளுக்கு இதையே முதல் நன்மையாக நான் கருதுகிறேன். விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து தூக்கத்தை வரவழைக்கிறது. காஃபினோ அதன் வேலையைத் தடுத்துவிடுகிறது. குடித்த காஃபினில் பாதி வெளியேறுவதற்குப் பெரியவர்களுக்கே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும் என்னும்போது, மாலையில் படிப்பதற்காகக் குடிக்கும் ஒரு கோப்பை காபி இரவு எதுவரை விழிக்க வைக்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். முதல் பாடவேளையில் வகுப்புகளைச் சுற்றிவரும்போது, பாதி எழுதிய சொல்லிலிருந்து பேனா வழுக்கி நோட்டின் ஓரம்வரை கோடு இழுத்துக் கிடப்பதைப் பலமுறை பார்த்து வருந்தியிருக்கிறேன். மாலைக் காபியின் இடத்தில் காஃபின் இல்லாத ஒரு பானம் வந்தால் எனக்கு மகிழ்ச்சியே.

அடுத்தது சர்க்கரை. உணவில் தனியாகச் சேரும் சர்க்கரையிலிருந்து கிடைக்கும் ஆற்றல் ஒரு நாளின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் வலியுறுத்தியது. குளிர்பானத்தை விட்டு மூலிகைத் தேநீருக்கு மாறிய பிறகு அதிலும் மூன்று கரண்டி சர்க்கரையைக் கொட்டினால் மாறியதில் பயனே இல்லை.

மூலிகைகளின் தனிப் பயன்களைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவை சிலவே. குமட்டலைத் தணிப்பதில் இஞ்சிக்கு ஓரளவு நல்ல ஆதாரம் உண்டு. புதினாவில் உள்ள மென்தால் குடலின் தசை இறுக்கத்தைத் தளர்த்தும். ஆனால் நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அதுவே தொல்லையாகலாம். புதினாத் தேநீரை மூடி வைத்து ஐந்து நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள்: மூடியின் அடியில் முத்துமுத்தாக நிற்கும் நீரிலும் புதினா மணக்கும். ஆவியோடு போக இருந்த எண்ணெய் அதில் இருப்பதால், அந்த நீரைக் கோப்பையிலேயே உதறிவிடுவது நல்லது. பெரியவர்களான உங்களுக்கு ஒரு செய்தி: புளிச்சை இனத்துச் செம்பருத்தித் தேநீரைப் பற்றிய ஆய்வு ஒன்று 2010இல் வெளியானது. இரத்த அழுத்தம் சற்றே கூடியிருந்த 65 பேரைக் கொண்ட அந்த ஆய்வில், நாளுக்கு மூன்று கோப்பை வீதம் ஆறு வாரம் குடித்தவர்களுக்கு மேல் அழுத்தம் சராசரியாக 7 புள்ளி குறைந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

இயற்கையானது என்பதால் தீங்கே வராது என்று எண்ணிவிடக் கூடாது. அதிமதுரம் அளவு மீறினால் இரத்த அழுத்தத்தைக் கூட்டிப் பொட்டாசியத்தைக் குறைக்கும். சாமந்தி இனப் பூக்கள் ஒவ்வாத பிள்ளைக்குக் கெமோமிலும் ஒவ்வாமல் போகலாம். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் எடுத்துக்கொள்வோர் மருத்துவரைக் கேட்காமல் கெமோமில் தேநீரைக் குடிக்கக் கூடாது. எனக்கு உண்மையிலேயே கவலை தருவது, உடல் மெலிவதற்கென்று விற்கப்படும் தேநீர்ப் பொட்டலங்கள். அவற்றில் பலவற்றில் பேதியாகச் செய்யும் நிலாவரை இருக்கிறது. எடை குறைந்ததுபோல் தோன்றுவது உடலிலிருந்து நீர் வெளியேறுவதால்தான். உங்கள் மகளோ மகனோ அதைக் குடிப்பது தெரிந்தால், கடிந்துகொள்ளாமல் உட்காரவைத்துப் பேசுங்கள்.

இடைவேளையில் மட்டும் அனுமதிப்பதற்கும் காரணம் உண்டு. தாவர உணவில் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைத் தேயிலை மட்டுமல்ல, புதினா, கெமோமில் தேநீர்களும் தடுக்கின்றன. இரத்தசோகை உள்ள பிள்ளைகளுக்கு இது பெரிய இழப்பு என்பதால், உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இருக்கட்டும்.

வரும் திங்கட்கிழமை முதல், சர்க்கரை சேர்க்காமல், வெதுவெதுப்பாக ஆறிய பிறகு, ஒரு கோப்பை அளவே கொடுத்தனுப்புங்கள். என்ன மூலிகை என்பதை மாணவர் கையேட்டில் எழுதிக் கையொப்பமிடுங்கள். தொடர்ந்து மருந்து உட்கொள்ளும் பிள்ளையாக இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். ஒவ்வாமை கருதி, பிள்ளைகள் தேநீரைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளாமல் வகுப்பாசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள். வீட்டிலும் ஒருமுறை சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்