மூன்று மணி நேரத்தில் நியூயார்க்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் பயணப் பக்கத்தில், லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்குப் போக மூன்று மணி நேரம், திரும்பி வரப் பன்னிரண்டு மணி நேரம் என்று படித்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். அச்சுப்பிழை இல்லை. "திரும்பும்போது எதிர்க்காற்று பலம்" என்று காரணமும் சொல்லியிருந்தார் கட்டுரையாளர்.

காலை 11 மணிக்குக் கிளம்பி மதியம் 2 மணிக்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருந்திருக்கும். அந்த 11 லண்டன் மணி, அந்த 2 நியூயார்க் மணி. நடுவில் ஐந்து மணி நேர வித்தியாசம் இருக்கிறது என்பது தங்களுக்குத் தெரியாததா? மூன்றோடு ஐந்தைக் கூட்டினால் போக எட்டு, பன்னிரண்டில் ஐந்தைக் கழித்தால் வர ஏழு. அவ்வளவுதான் கணக்கு. ஒலியை மிஞ்சிப் பறந்த கான்கார்ட் விமானத்துக்கே மூன்றரை மணி நேரம் ஆனது, அதுவும் 2003-லேயே ஓய்வு பெற்றுவிட்டது. தங்கள் கட்டுரையாளர் எதில் ஏறிப் போனாரோ!

காற்றையும் தலைகீழாக்கிவிட்டார். விமானங்கள் பறக்கும் உயரத்தில் 'ஜெட் காற்று' என்கிற பலத்த காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கிறது. லண்டனுக்குத் திரும்பும் விமானத்தைத் தள்ளிவிடுகிற காற்று அது. 2020 பிப்ரவரியில் புயலோடு சேர்ந்து வந்த ஒரு விமானம் ஐந்து மணி நேரத்துக்குள் ஹீத்ரோவில் இறங்கியதைப் பத்திரிகைகளெல்லாம் எழுதின. நானே கிழக்கு நோக்கிப் பறக்கும்போது முன் இருக்கைத் திரையில் வேகம் 1,100 கிலோமீட்டரைத் தாண்டியதைப் பார்த்திருக்கிறேன். எதிர்த்திசையில் 780-ஐ விட்டு அசையவே இல்லை.

முன்பொருமுறை இதே தடத்துக்கு 3,000 கடல் மைல் என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் 4,800 கிலோமீட்டர் என்று போட்டீர்கள். கடல் மைல் ஒன்றுக்கு 1.852 கிலோமீட்டர். எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் அட்லாண்டிக்கில் மூழ்கிப்போனது. அப்போதும் எழுதினேன், பதில் இல்லை. தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து, "விமானங்கள் ஏன் வளைந்து சுற்றிப் போகின்றன?" என்று கேட்டதையும் மறக்கவில்லை. உலக உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்திருந்தால், அந்த வளைவுதான் குறுக்குவழி என்று தெரிந்திருக்கும்.

இதில் நான் பட்டதும் உண்டு. "தூரத்தை 900-ஆல் வகுத்தால் பயண நேரம்" என்ற தங்கள் துணுக்கை நம்பி, ஒன்றேகால் மணி நேரம் என்று கணக்குப் போட்டு இணைப்பு விமானத்துக்கு டிக்கெட் எடுத்தேன். ஏறுவதும் இறங்குவதும் 900-இல் நடக்காது. அன்று ஓடுபாதைக்கு முன்னால் வரிசையில் நின்றதே இருபத்தைந்து நிமிடம். (டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம், இந்தக் காத்திருப்பையும் சேர்த்து, விமானம் ஏறுவாசலை விட்டு நகர்வதிலிருந்து இறங்குவாசலில் வந்து நிற்பதுவரை. அதைப் பார்க்காமல் தங்களை நம்பியது என் தப்புதான்.) இறங்கி ஓடினால் கதவு மூடியாயிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. கதவருகே இருந்த பெண் மரியாதையாகத்தான் தலையாட்டினார். இரவு முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

இத்தனை வருஷ வாசகன் என்கிற உரிமையில் கேட்கிறேன்: இனிமேல் புறப்படும் நேரம், சேரும் நேரம் போடும்போது பக்கத்தில் 'உள்ளூர் நேரம்' என்று இரண்டு சொல் சேருங்கள். இடம் போதாதென்றால் கட்டுரையாளரின் புகைப்படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்