கோட்டைக்குப் பலியான 166 வீடுகள்

அன்புள்ள கயல்,

இங்கிலாந்தில் நீ இருக்கும் லிங்கன் நகரில், கோட்டை எழுவதற்கு முன் அந்த மேட்டில் என்ன இருந்தது என்று போனில் கேட்டாய். வீடுகள்தான் இருந்தன. 1066-இல் இங்கிலாந்தை வென்ற நார்மன் அரசன் வில்லியம், 1068-இல் அங்கே கோட்டை கட்டினான். 1086-இல் தயாரான டூம்ஸ்டே பதிவேடு, அதாவது அவன் எடுக்கச் சொன்ன நிலக் கணக்கு, கோட்டைக்காக 166 மனைகள் அழிந்தன என்று கணக்கே சொல்கிறது. கோட்டை எல்லைக்கு வெளியே இன்னும் 74 மனைகள் பாழ். அவை ஷெரீஃப்கள் என்ற அரச அதிகாரிகளின் கொடுமையால் பாழாகவில்லை, வறுமையாலும் தீயாலும் கெட்ட காலத்தாலும்தான் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். யார் கேட்டார்களோ தெரியவில்லை, பதில் மட்டும் முந்திக்கொண்டு வருகிறது!

கூட்டினால் 240 வருகிறதா? மூலத்திலோ 200 என்று இருக்கும். அங்கே ஆங்கிலேயர் முறைப்படி நூறு என்பது 120. நார்மன்களுக்கு முன் ஆண்ட எட்வர்ட் காலத்தில் குடியிருந்த 970 மனைகள் என்றால் ஒன்பது 120-உம் ஒரு 70-உம், ஆக 1,150. எழுத்தரே இந்தக் குறிப்பைத் தந்திருக்கிறார். அதைக் கவனிக்காமல் கூட்டினால் கணக்கு உதைக்கும்.

அடுத்து, பதிவேட்டில் வரும் 'டி.ஆர்.இ.' என்ற மூன்று எழுத்து. லத்தீனில் 'எட்வர்ட் அரசர் காலத்தில்' என்பதன் சுருக்கம். எட்வர்ட் இறந்தது 1066 ஜனவரி 5. மறுநாள் முடிசூடிய ஹரால்ட், அக்டோபர் 14-இல் ஹேஸ்டிங்ஸில் மடியும்வரை ஆண்டான். ஆனால் பதிவேட்டில் அவன் பெரும்பாலும் அரசன் அல்ல, வெறும் 'ஏர்ல்', அதாவது ஒரு பிரபு. எட்வர்டின் நேர் வாரிசு நான்தான் என்பது வில்லியத்தின் வாதம். இடையில் ஒருவன் அரசனாக இருந்தான் என்று ஒப்புக்கொண்டால் அந்த வாதம் நிற்காது. அதனால்தான் எல்லா ஊர்க் கணக்கும் எட்வர்ட் காலத்திலிருந்து நேரே வில்லியத்துக்குத் தாவுகிறது.

இனி கிராமப் பதிவைப் படிக்கும் முறை. ஊர்ப் பெயரை வைத்து மூலத்தில் தேடாதே. ஒவ்வொரு கவுண்டியிலும் நகரம் முதலில், பிறகு அரசன், பிஷப்புகள், பிரபுக்கள் என்று நில உடைமையாளர் வரிசையில்தான் எழுதியிருக்கிறார்கள். ஒரே ஊர் மூன்று பிரபுக்களிடம் சிதறியிருந்தால் மூன்று இடத்தில் வரும். மூன்றையும் கூட்டினால்தான் ஊர் முழுமையாகும். ஓரத்தில் 'எம்' இருந்தால் தலைமைப் பண்ணை, 'பி' கிளைப் பண்ணை. 'எஸ்' என்றால் நிலம் குடியானவனுடையது, நீதி விசாரணையும் சில கடமைகளும் மட்டும் பிரபுவுக்கு. இந்த சோக்மென் என்ற குடியானவர்கள் லிங்கன்ஷயரில் மிக அதிகம். டேனியர்கள் குடியேறிய பழைய பகுதி அல்லவா!

தெற்கே நிலக்கணக்கின் அலகாக வரும் 'ஹைட்' என்பதை உன் ஊர்ப்பக்கம் 'காருகேட்' என்பார்கள். அதில் எட்டில் ஒன்று 'போவேட்'. எட்டு மாடு பூட்டிய ஏரில் ஒரு மாட்டின் பங்கு என்று வைத்துக்கொள். இவை தீர்வை போடுவதற்கான அலகுகள், அளந்த பரப்பு அல்ல. ஏக்கராக மாற்றி வரைபடத்தில் பொருத்தப் போனால் பொருந்தாது. 'இத்தனை ஏருக்கு நிலம்' என்ற வரியையும் உண்மையில் ஓடிய ஏர்களையும் ஒப்பிட்டுப் பார். முன்னது பெரிதாக இருந்தால், இன்னும் உழலாம் என்று அதிகாரிகள் கண் வைத்திருக்கிறார்கள். ஆள் எண்ணிக்கையோ குடும்பத் தலைவர்களின் எண்ணிக்கை. நாலாலோ ஐந்தாலோ பெருக்கினால்தான் மக்கள்தொகை ஓரளவுக்காவது தெரியும்.

வடக்கே உள்ள யார்க்ஷயரின் பக்கங்களில் 'பாழ்' என்ற சொல் மீண்டும் மீண்டும் வரும். 1069–70 குளிர்காலத்தில் வில்லியத்தின் படை வடக்கை எரித்தது உண்மை. ஆனால் ஒவ்வொரு 'பாழ்' என்ற சொல்லுக்கும் பின்னால் தீயைத் தேடாதே. வருவாய் இல்லாத நிலத்தையும் அப்படித்தான் எழுதினார்கள்.

நார்மன்கள் ஆட்சி இயந்திரத்தை மாற்றவில்லை, அதன் மேல்தட்டில் ஆட்களை மாற்றினார்கள் என்பது என் கருத்து. ஷயர் என்ற கவுண்டி, ஷெரீஃப், நிலவரி எல்லாம் ஆங்கிலேயர் ஏற்படுத்தியவை. அவை இல்லாமல் இப்படி ஒரு கணக்கெடுப்பை 1085 கிறிஸ்துமஸில் முடிவு செய்து மறு ஆண்டே நடத்தியிருக்க முடியாது. பதிவேட்டில் லிங்கனின் 12 'லாமென்' (நீதி உரிமை பெற்றிருந்த நகரப் பெரியவர்கள்) பட்டியலைப் பார்: பல இடங்களில் அப்பாவின் இடத்தில் மகன். மேல்தட்டிலோ, அரசனிடம் நேரடியாகப் பெருநிலம் பெற்ற ஆங்கிலேயர்கள் 1086-இல் இரண்டே பேர். ஒருவர் ஆர்டனின் தர்க்கில். மற்றவர் உன் ஊர்க்காரர் கோல்ஸ்வெயின். அரசன் தந்த பாழ்நிலத்தில், நகருக்கு வெளியே, 36 வீடுகளும் 2 தேவாலயங்களும் கட்டியவர்.

நார்மன்கள் விட்டுச்சென்ற மிச்சம் என்று பார்த்தால், நார்மன் ஒருவன் கொலையுண்டு கொலையாளி பிடிபடாவிட்டால் சுற்றுவட்டாரமே தண்டம் கட்ட வேண்டும் என்ற விதி 1340 வரை இருந்தது. நாடாளுமன்றச் சட்டத்துக்கு அரச ஒப்புதல் இன்றும் நார்மன் பிரெஞ்சில்தான்.

லிங்கன்ஷயர் பகுதியின் கடைசியில் 'கிளமோரெஸ்' என்று ஒரு பிரிவு இருக்கிறது, நில வழக்குகள். நார்மன் பிரபு தனக்கு முன்னிருந்த ஆங்கிலேயரின் நிலம் முழுவதையும் உரிமை கோருவான். 'அது அவருடையதே அல்ல, அடகுக்கு வைத்திருந்தார்' என்கிற மாதிரி வட்டார மன்றத்தார் சாட்சி சொல்வார்கள். மொழிபெயர்ப்பில் அதிலிருந்து தொடங்கு. சந்தேகம் வந்தால் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா