பன்னிரண்டாவது சுற்றில் கொதிக்கும் வண்டி

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்
ஆனி மாதம், ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். உங்கள் ரேஸ் வண்டி ஏன் கொதிக்கிறது என்று நேற்று போனில் நீ கேட்டதற்குப் பாதி பதில்தான் சொன்னேன். நம் ரேடியேட்டர் கடை வாசலில் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான், நீயும் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிட்டாய். அதனால் நோட்டில் எழுதி அம்மாவிடம் கொடுக்கிறேன். அவள் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் போடுவாள். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

இங்கே கத்திரி முடிந்து மூன்று வாரம் ஆகிறது. வெயில் காலண்டர் பார்ப்பதில்லை. மதியத்துக்கு மேல் கடல்காற்று வந்தால் பிழைத்தோம். வராத நாளில் கடைத் தகரத்துக்கு அடியில் நிற்க முடியாது. அந்த மாதிரி நாளில்தான் ரேடியேட்டர் வேலை குவியும். உன் படிப்புச் செலவில் பாதி கத்திரி வெயில் கட்டியது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் புரிந்துகொண்டது தப்பென்றால் திருத்து. அமெரிக்காவில் ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து, மண் தட ரேஸுக்கென்று மாற்றியமைத்த 'மாடிஃபைட்' வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கி, சனிக்கிழமை ராத்திரியில் மண் தடத்தில் ஓட்டுகிறீர்கள். நீ ஓட்டுவதில்லை, தடத்தோரம் வண்டியைப் பழுது பார்க்கும் பிட்டில் ஸ்பேனர் பிடிக்கிறாய். (இதை அம்மாவிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன், அவள் நம்பவில்லை.) மெயின் ரேஸுக்கு முன்னால் நடக்கும் எட்டுச் சுற்றுத் தகுதிப் போட்டியில், அதுதான் ஹீட் ரேஸில், வண்டிக்கு ஒன்றும் ஆவதில்லை. மெயின் ரேஸில் பன்னிரண்டாவது சுற்றுக்கு மேல் சூடு காட்டும் முள் 230 ஃபாரன்ஹீட்டை (110 செல்சியஸ்) தாண்டுகிறது, ஆவி கக்குகிறது. இஞ்சின் சூடான பிறகே தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுகிற வால்வை, அந்தத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பார்த்தீர்கள், இன்னும் மோசமானது. இப்போது 600 டாலருக்குப் பெரிய ரேடியேட்டர் வாங்கலாம் என்று ஒருவன் சொல்கிறான்.

வாங்காதே. இப்போதைக்கு வேண்டாம்.

எரிகிற பெட்ரோலின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ஓட்டத்துக்குப் பயன்படும். இன்னொரு பங்கு சைலன்சர் வழியே போய்விடும். மிச்சத்தைத் தண்ணீரும் ஆயிலும்தான் வெளியே கொண்டுபோக வேண்டும். தண்ணீர் மூட்டை தூக்குகிற ஆள் மாதிரி. சுமந்துகொண்டு வந்துவிடும், இறக்கி வைக்க இடம் வேண்டுமே? அந்த இடம் காற்று. இத்தனை வருஷத்தில் 'ஹீட் ஆகுது' என்று என்னிடம் வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் தண்ணீர்ப் பக்கம் குறையே இருக்காது. காற்றுப் பக்கம்தான் அடைத்திருக்கும்.

கணக்குப் பார். இங்கே மே மாதம் காற்றே 40 டிகிரி செல்சியஸ். தண்ணீர் 95 என்றால் நடுவில் 55 டிகிரி வித்தியாசம். அங்கே ஜூலையில் 32 டிகிரி என்றால் வித்தியாசம் 63. அதே ரேடியேட்டர் உன் ஊரில் ஏழில் ஒரு பங்கு கூடுதலாகச் சூட்டை இறக்கும். அப்படியும் கொதிக்கிறது என்றால், ரேடியேட்டர் சின்னது என்ற பேச்சை நான் சட்டென்று நம்பமாட்டேன்.

தை மாதம் சம்பா அறுவடை நினைவிருக்கிறதா? காட்டுமன்னார்கோயில், சேத்தியாத்தோப்பு பக்கமிருந்து அறுவடை மெஷின்கள் கடைக்கு வரும். எல்லாருக்கும் ஒரே புகார்தான். முன்னால் நின்று பார்த்தால் ரேடியேட்டர் சுத்தமாகத்தான் தெரியும். கழற்றி வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் ஒரு பொட்டு வெளிச்சம் வராது. பதரும் சுணையும் ஃபின் என்கிற மெல்லிய தகடுகளுக்கு நடுவே போய்த் தலையணைப் பஞ்சு மாதிரி இறுகியிருக்கும். ஒரு பொங்கல் லீவில் அதில் கையை விட்டு அளைந்துவிட்டு ராத்திரி முழுக்கச் சொறிந்தாயே, அதே சுணைதான்.

உனக்குப் பதருக்குப் பதில் களிமண். ரேஸுக்கு முன்னால் தடத்துக்குத் தண்ணீர் விட்டு ஊறவைக்கிறார்கள் அல்லவா, முதல் சுற்றுகளில் முன்னால் போகிறவன் டயர் அந்த ஈர மண்ணை அள்ளி உன் ரேடியேட்டர் மேல் அடிக்கிறது. இஞ்சின் சூட்டில் அது காய்ந்து செங்கல் ஆகிவிடும். ஹீட் ரேஸில் பூசிய மண்ணோடுதான் மெயின் ரேஸுக்குப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். எட்டில் தெரியாதது பன்னிரண்டில் தெரிவதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம்.

ரேடியேட்டருக்கு முன்னால், அதை ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி ஒரு கம்பி வலை மாட்டு. நொடியில் கழற்றுகிற மாதிரி இருக்கட்டும். இரண்டு வலை வைத்துக்கொண்டால் மண் அப்பியதைக் கழற்றி நல்லதை மாட்டி அனுப்பலாம். ஒவ்வொரு ரேஸுக்கும் நடுவில், இஞ்சின் கொஞ்சம் ஆறியதும், இஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவு. முன்னாலிருந்து அடித்தால் மண் இன்னும் ஆழமாகப் போகும். பிரஷர் வாஷரைக் கிட்டே கொண்டுபோகாதே, ஃபின்கள் மடிந்து கதவு சாத்தினது போல் ஆகிவிடும். மடிந்திருந்தால் ஃபின் சீப்பு கிடைக்கும், உட்கார்ந்து நிமிர்த்து. பொறுமையான வேலை. உன் பாட்டி உனக்குச் சிக்கெடுத்த மாதிரி.

அடுத்தது இடுக்கு. காற்று சோம்பேறி, பாப்பா. ரேடியேட்டருக்குள் நுழைவதைவிட ஓரமாக ஒரு விரல் இடைவெளி இருந்தால் அதில் நழுவிவிடும். ரேடியேட்டருக்கும் பாடித் தகட்டுக்கும் நடுவே மேலே, கீழே, பக்கத்தில் எங்கே சந்து இருந்தாலும் அலுமினியத் தகடோ ரப்பரோ வைத்து அடை. எங்கே சந்து என்று கண்டுபிடிக்க நான் ஒரு வேலை செய்வேன். வண்டி ஐடிலில் ஓட, ஃபேன் சுற்ற, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி ரேடியேட்டர் ஓரமாக நகர்த்திக்கொண்டே போவேன். புகை நேராக ரேடியேட்டருக்குள் போக வேண்டும். ஓரமாக வளைந்து ஓடினால் அங்கே ஓட்டை. அம்மா வைத்துக் கொடுத்த ஊதுபத்தி கட்டுக் கட்டாக உன்னிடம் இருக்கும், நீ எங்கே ஏற்றியிருக்கப் போகிறாய். ஆனால் ஒன்று, பெட்ரோல் வாடை துளி இருந்தாலும் கொளுத்தாதே. ஒரு நூலைக் குச்சியில் கட்டிப் பிடித்தாலும் போதும்.

நீ அனுப்பிய வீடியோவை மூன்று தடவை பார்த்தேன். வளைவில் வண்டி பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டு போகிறது. மூக்கு ஒரு பக்கம், போகிற திசை ஒரு பக்கம். ரோட்டில் ஓடுகிற லாரிக்கு வேகம் ஏற ஏற எதிர்க்காற்று நேரே முகத்தில் வரும். உன் வண்டிக்குப் பாதி நேரம் வராது. அதோடு முன்னால் போகிறவனின் சூடான காற்று வேறு. அதனால் உங்களுக்கு ஃபேனும் அதைச் சுற்றி இருக்கும் கவரும் முக்கியம். கவர் இல்லாத ஃபேன் தன் வட்டத்துக்கு நேரே உள்ள இடத்தில் மட்டும்தான் இழுக்கும், மூலைகள் சும்மா கிடக்கும். பிளேடு கவருக்குள் பாதி, வெளியே பாதி இருக்கும்படி வை. பிளேடைத் திருப்பி மாட்டியிருக்கிறார்களா என்றும் பார். திருப்பிப் போட்டாலும் காற்று வரும், ஆனால் குறைவாக வரும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வராது.

தெர்மோஸ்டாட் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. உன் அண்ணன் பிறந்த வருஷம், பண்ருட்டியிலிருந்து சென்னைக்குப் பலாப்பழம் ஏற்றிப் போகும் லாரி ஒன்று ஹீட் ஆகிறது என்று வந்தது. அப்போது எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று அனுப்பிவிட்டேன். விழுப்புரம் தாண்டுவதற்குள் வண்டி நின்றது, இஞ்சின் ஹெட்டில் விரிசல். பழமெல்லாம் ரோட்டிலேயே பழுத்தது. செலவில் பாதியை நான் கொடுத்தேன். அம்மாவின் இரண்டு வளையல் போனது, இன்னும் சொல்லிக்காட்டுவாள்.

ஏன் அப்படி ஆனது என்பது பிறகுதான் புரிந்தது. அந்த இஞ்சினில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது இன்னொரு குறுக்கு வழியை மூடும். அதைக் கழற்றியதும் குறுக்கு வழி எப்போதும் திறந்தே இருந்தது. பாதித் தண்ணீர் ரேடியேட்டருக்கே வராமல் இஞ்சினுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. உங்கள் வி-8 இஞ்சினில் குறுக்கு வழி சின்னதாக இருக்கலாம், ஆனால் வேறு ஒன்று உண்டு. மேலே கொஞ்சம் தடை இருந்தால்தான் பம்ப் தள்ளுகிற அழுத்தம் இஞ்சின் பிளாக்குக்குள் நிற்கும். அழுத்தம் இல்லாவிட்டால் எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றி, மிகச் சூடான இடத்தில், ஆவிக் குமிழ் பிடித்துக்கொள்ளும். குமிழ் இருக்கும் இடத்தில் தண்ணீர் இல்லை. அதனால் தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடு, இல்லையென்றால் அந்த இடத்தில் துளை போட்ட தடைத் தகடு ஒன்று போடு. "தண்ணீர் வேகமாக ஓடினால் சூட்டை வாங்க நேரம் இருக்காது" என்று பிட்டில் யாராவது சொல்வான். நானும் இருபது வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது தப்பு.

ரேடியேட்டரின் கீழ் ஹோஸைக் கவனி. அது பம்ப் உறிஞ்சுகிற பக்கம். ஆர்பிஎம் ஏறும்போது ஹோஸ் மெல்லியதாக இருந்தால் ஸ்ட்ரா உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்வது போல் ஒட்டிக்கொள்ளும். நின்றதும் பழையபடி உப்பிவிடும், நீ பார்க்கும்போது நல்லபிள்ளையாக இருக்கும். உள்ளே ஸ்பிரிங் இருக்கிறதா என்று அமுக்கிப் பார்.

மூடி. ரேடியேட்டர் மூடி 15 பிஎஸ்ஐ அழுத்தத்தை ஒழுங்காகப் பிடித்தால் தண்ணீர் 212-க்குப் பதிலாக 250 ஃபாரன்ஹீட் வரை கொதிக்காது. ரப்பர் வெடித்த மூடி என்றால் இந்தக் கணக்கே இல்லை. ரேடியேட்டரை மாற்றுவதற்கு முன்னால் மூடியை மாற்று என்று இங்கே கஸ்டமரிடம் சொன்னால் நம்பமாட்டார்கள், விலை குறைவாக இருக்கிறதே! மூடி எந்தப் பக்கத் தொட்டியில் இருக்கிறது என்றும் பார். தண்ணீர் பம்புக்குத் திரும்பிப் போகும் பக்கத்தில் இருக்க வேண்டும். இஞ்சினிலிருந்து வந்து விழும் பக்கத்தில் இருந்தால், உச்ச வேகத்தில் பம்ப் அழுத்தமே மூடியைத் தூக்கித் தண்ணீரை வெளியே தள்ளிவிடும்.

என் வலது முன்கையில் வெள்ளையாக ஒரு திட்டு இருக்கிறதே, சின்ன வயசில் "இது எந்த நாட்டு மேப்?" என்று கேட்பாய். அது சூட்டோடு மூடியைத் திறந்ததால் வந்தது. நான் துணி போட்டுத்தான் திறந்தேன். துணி ஒன்றும் செய்யாது. அரை மணி நேரம் காத்திரு. ரேஸ் போனால் போகட்டும்.

அப்புறம் முள்ளை முழுக்க நம்பாதே. சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் தண்ணீரின் சூட்டைச் சொல்லும். தண்ணீர் போய்விட்டால் அது வெறும் ஆவியில் தொங்கும், முள் இறங்கும். ஓட்டுகிறவன் "அப்பாடா, ஆறிவிட்டது" என்று இன்னும் மிதிப்பான். ஏறிக்கொண்டிருந்த முள் காரணமில்லாமல் சட்டென்று விழுந்தால் உடனே இஞ்சினை நிறுத்தச் சொல். முடிந்தால் தண்ணீர் அழுத்தத்துக்கு ஒரு மீட்டர் வை. அது இப்படிப் பொய் சொல்லாது.

இதெல்லாம் செய்தும் கொதித்தால், காலையில் இஞ்சின் ஆறிக் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய். தண்ணீரில் விடாமல் குமிழ் வந்தால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. நம் கடைத் தொட்டியில் ரேடியேட்டரை முக்கிக் குமிழ் எங்கே வருகிறது என்று சாக்பீஸால் குறி போடுவாயே, அதே பார்வைதான். (2011 டிசம்பரில் தானே புயல் கடைக் கூரையைத் தூக்கிக்கொண்டு போனபோதும் அந்தத் தொட்டி அசையவில்லை. இன்னும் அதில்தான் வேலை.) குமிழ் இல்லையென்றால் ஸ்பார்க் விழும் டைமிங்கைப் பார், பின்தங்கியிருந்தால் சூடு கூடும். பெட்ரோல் கலவை மெலிந்திருந்தாலும் அப்படித்தான்.

தண்ணீர் என்ன ஊற்றுகிறீர்கள் என்று கேட்க மறந்துவிட்டேன். கூலன்ட் சிந்தினால் தடம் வழுக்கும் என்று பல இடங்களில் அனுமதிப்பதில்லை. வெறும் தண்ணீர் கூலன்ட் கலவையைவிடச் சூட்டை நன்றாகவே சுமக்கும், அதனால் நஷ்டமில்லை. ஆனால் குழாய்த் தண்ணீர் வேண்டாம். தேவனாம்பட்டினம், முதுநகர் பக்கம் போர்த் தண்ணீர் ஊற்றின வண்டிகளைத் திறந்தால் டியூபுக்குள் உப்பு வெள்ளையாகப் படிந்து, ஊசி போகிற துளைதான் மிஞ்சியிருக்கும். டிஸ்டில்டு வாட்டர் வாங்கு, துருப்பிடிக்காமல் இருக்க மருந்து கலந்து விற்பார்கள், அதையும் ஊற்று. ஊற்றும்போது வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்து, உள்ளே சிக்கிய காற்று மேலே வந்துவிடும்.

உங்கள் ஊர்க் குளிரை நான் பார்த்ததில்லை. வெறும் தண்ணீர் உறைந்தால் ஒன்பது சதவீதம் விரியும், பிளாக் பிளந்துவிடும். சீசன் முடிந்ததும் ரேடியேட்டரை மட்டுமல்ல, பிளாக்கின் இரண்டு பக்கத்து டிரெயின் பிளக்கையும் கழற்றித் தண்ணீரை இறக்கிவிடு. அக்டோபரில் நான் ஞாபகப்படுத்துவேன்.

ஆகஸ்டில் நாக்ஸ்வில் நேஷனல்ஸ் என்கிற ஸ்பிரிண்ட் கார் ரேஸ் பார்க்கப் போவதாகச் சொன்னாய். 1961-லிருந்து நடக்கிறதாமே, அரை மைல் மண் தடத்தில். அந்த ஸ்பிரிண்ட் கார்கள் மெத்தனாலில் ஓடுகின்றன. ஆவியாகும்போது மெத்தனால் எடைக்கு எடை பெட்ரோலைப் போல் மூன்று மடங்கு சூட்டை உறிஞ்சும், அதனால் அவர்கள் கதை வேறு, பார்த்துவிட்டு வந்து உங்கள் வண்டியோடு ஒப்பிடாதே. மெத்தனால் தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது, பிட் பக்கம் போனால் தள்ளியே நில்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்துவிடாதே, எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போய்விடும். இந்தச் சனிக்கிழமை மண்ணும் சந்தும் மட்டும். தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுவது அடுத்த வாரம். ரேஸ் முடிந்ததும் ரேடியேட்டரை முன்னாலிருந்து ஒன்று, பின்னாலிருந்து ஒன்று போட்டோ எடுத்து அனுப்பு. கழுவுவதற்கு முன்னால்.

அப்பா