நச்சுப் புகையில் மூச்சுப் பயிற்சியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

டெல்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் குடியிருப்புப் பூங்காவில் தினமும் காலை 6 மணிக்குப் பத்துப் பதினைந்து பேர் மூச்சுப் பயிற்சி செய்கிறோம். நவம்பர் வந்தால் எதிரே நிற்கும் வேப்பமரம்கூடத் தெரியாத அளவுக்குப் புகை, அதிலேயே உட்கார்ந்து அறுபது தாண்டியவர்களும் கபாலபாதி (வயிற்றை உள்ளிழுத்து மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் பயிற்சி) செய்கிறார்கள். போன வாரம் என் பக்கத்தில் இருந்த மாமா இருமல் நிற்காமல் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போனார். குளிர்கால விடியலில் காற்று மேலே கிளம்பாமல் தரையோடு தேங்கி நிற்பதால் நுண்துகள் அதிகம், ஆழமாக இழுக்க இழுக்க அது நுரையீரலின் அடிவரை போகும்.

பயிற்சியை விட்டுவிடச் சொல்லவில்லை. அந்த நாட்களில் ஜன்னலைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் நாடி சுத்தி (மூக்கின் இரண்டு துவாரங்களிலும் மாறி மாறி மூச்சு விடும் பயிற்சி) செய்யலாமே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்று நிதானமாக, இழுப்பதைவிட விடுவது நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு தணியும், என் அம்மாவுக்கு ராத்திரித் தூக்கமே இதற்கு அப்புறம்தான் ஒழுங்காக வந்தது. உயர் ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கபாலபாதி பக்கம் போக வேண்டாம். ஆஸ்துமா இருப்பவர்கள் மூச்சுப் பயிற்சியை நம்பி இன்ஹேலரை நிறுத்தவே கூடாது.

ஒரு வேண்டுகோள்: டெல்லிப் பதிப்பின் முதல் பக்கத்தில் தினமும் காற்றுத் தரக் குறியீட்டைப் போடுங்கள். எங்கள் பெரியவர்கள் செல்போனில் அதையெல்லாம் பார்ப்பதில்லை, பேப்பரைத்தான் பார்க்கிறார்கள்.

- ஒரு வாசகி, ஆர்.கே.புரம், புதுடெல்லி