நோட்டீஸ் அச்சாகி வந்துருச்சு, எல்லாருக்கும் நன்றி

தோழர்களே, பிள்ளைகளா,

கருக்கலைப்பு பத்தின நம்ம புது நோட்டீஸ் நேத்து பிரஸ்ல இருந்து வந்துருச்சு. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண்சிசுக்கொலை 1986ல இந்தியா டுடே அட்டையில வந்த காலத்துல இருந்து அதுக்கு எதிரா ஊர் ஊரா போனவ நான், அப்ப நாங்க ஒட்டுனதெல்லாம் 'கருவறையைக் கல்லறை ஆக்காதே' டைப்தான், ரத்தத்துளி படத்தோட. அந்தக் காலத்துக்கு அது வேலை செஞ்சுச்சு, அதை யார் என்ன சொன்னாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனா ரிட்டயர் ஆன நம்ம கிராம நர்ஸ் அக்கா, கருக்கலைப்பே போலீஸ் கேஸுன்னு நினைச்சு பயந்து, மெடிக்கல்ல மாத்திரை வாங்கி முழுங்கிட்டு, ரத்தப்போக்கு நிக்காம ராத்திரில ஆட்டோவுல வந்து இறங்குன பொண்ணுங்களப் பத்தி சொன்னாங்களே, அதுக்கப்புறம் பழைய நோட்டீஸை கையில எடுக்க மனசு வரல. அக்காவுக்குத்தான் முதல் நன்றி.

அடுத்து லா காலேஜ் பொண்ணுங்க. 2022 செப்டம்பர் 29 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பை வாய்ஸ் நோட்டுல தமிழ்ல சொல்லி அனுப்பிக்கிட்டே இருந்தீங்க, கல்யாணம் ஆகாதவளுக்கும் 24 வாரம் வரை உரிமை உண்டு, மேஜரா இருந்தா அவ சம்மதம் போதும், வீட்டு ஆள் கையெழுத்து கேக்கக்கூடாது, இதெல்லாம் எனக்கு உங்களாலதான் தெரியும். ஸ்கேன்ல ஆணா பொண்ணான்னு சொல்றது 1994 சட்டப்படி குற்றம், கருக்கலைப்பு 1971ல இருந்தே சட்டத்துக்கு உட்பட்டது, ரெண்டையும் ஒரே பக்கத்துல குழப்பாம எழுதிக் கொடுத்ததும் நீங்கதான். ஆனா "அவ சாய்ஸ்"ங்கிற வரிய நான் அடிச்சதுக்கு இன்னும் கோவமா இருக்கீங்கன்னு தெரியுது. மூணாவதும் பொண்ணுன்னு தெரிஞ்சு மாமியாரே கூட்டிட்டு வர்ற வீட்ல சாய்ஸ் யாரோடதுடி? அதுல நான் மாறல.

வீல்சேர்ல வர்ற தங்கச்சி, நீ கேட்டதுக்குத்தான் எனக்கு தூக்கமே போச்சு. பொண்ணுன்னு கலைச்சா குற்றம்ங்கிறீங்க, என்னை மாதிரி பிள்ளைன்னா கருக்கலைப்புச் சட்டத்தோட 2021 திருத்தத்துல மெடிக்கல் போர்டு சொன்னா 24 வாரம் தாண்டியும் கலைக்கலாமே, இதுக்கு உங்க பெண்ணியம் என்ன சொல்லுதுன்னு கேட்ட. அன்னைக்கு ரூம்ல ஒருத்தரும் வாயத் திறக்கல. இப்பவும் என்கிட்ட பதில் இல்ல, கலைக்கிற உரிமையையும் விட முடியாது, உன் கேள்வியையும் தள்ள முடியாது. நோட்டீஸ்ல 'ஊனமுள்ள குழந்தை' படத்தை வச்சு பயமுறுத்துற பழைய பகுதிய மட்டும் மொத்தமா தூக்கியாச்சு, மிச்சத்த பேசுவோம்.

திரும்பத் திரும்ப மாத்தச் சொல்லியும் முகம் சுளிக்காத பிரஸ் தம்பிக்கும் நன்றி (பாக்கி பணம் வெள்ளிக்கிழமை தந்துருவேன்ப்பா).

அடுத்த கூட்டத்துக்கு அந்த மாடி ஹால் வேணாம்னு சொல்லிட்டேன், கீழ ரூம், ரேம்ப் இருக்கு, நானே போய் பாத்துட்டு வந்தேன். தங்கச்சி, முதல்ல நீதான் பேசுற. ஆளுக்கு ஒரு கட்டு நோட்டீஸும் அங்கயே வாங்கிக்கங்க.